நலத்திட்டப் பணத்தை ஏமாற்றி வாங்கினால் என்ன தண்டனை? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நடப்பு

பாலாற்றுமணல்

வேலூர்ல எந்த டீக்கடையில நின்னாலும் இதே பேச்சுதான். கார் நிக்கிற வீட்டுக்கு மகளிர் உரிமைத்தொகை வருது, மாடி வீட்டுக்காரர் அரிசி கார்டு வச்சிருக்கார், செத்துப்போன பாட்டிக்கு இன்னும் ஓ.ஏ.பி. (முதியோர் உதவித்தொகை) பணம் ஏறுது. கடைசியில எல்லாரும் "நாலு பேரைத் தூக்கி உள்ள போட்டா சரியாயிடும்"னு முடிப்பாங்க. சட்டத்துல நெஜமாவே இதுக்கு என்ன தண்டனை? மாட்டினவங்களை என்ன பண்றாங்க? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. கட்சிச் சண்டை வேணாம்.

கோட்டை_அகழி

மூன்று விதமான ஆட்களை ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால்தான் குழப்பம்.

ஒருவர், தகுதியோடு வாங்க ஆரம்பித்து, பிறகு தகுதி போனதைச் சொல்லாமல் இருந்துவிட்டவர். மகனுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்குக் கார் வந்தது, யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்தவர், விண்ணப்பத்திலேயே பொய் எழுதியவர். வயதைக் கூட்டியிருப்பார், நிலத்தை மறைத்திருப்பார், கணவர் இருக்கும்போதே கைம்பெண் என்று போட்டிருப்பார். மூன்றாமவர், லாகினோ முத்திரையோ பில் மெஷினோ கையில் வைத்திருப்பவர்.

முதல் ஆளுக்குப் பெரும்பாலும் பணம் நிற்கும், அவ்வளவுதான். இரண்டாவது ஆளுக்குப் பணம் நிற்கும், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். மூன்றாவது ஆள் நிரந்தர ஊழியர் என்றால் தற்காலிகப் பணிநீக்கம், 17-பி (அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை அலுவலர், விளக்கம், மேல்முறையீடு என்று வருடக்கணக்கில் இழுக்கும். ஒப்பந்த ஊழியர் என்றால் மறுநாளே வேலை போய்விடும். ஒரே தப்புக்கு இரண்டு வேகம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவருக்கு மெதுவான வேகம், கம்ப்யூட்டர் தட்டியவருக்கு வேகமான வேகம். டீக்கடையில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

காட்பாடி_ஜங்ஷன்

சார், விளக்கம் நல்லாதான் கீது. ஆனா 1,000 ரூபாய் திருடினாலும் திருட்டுதானே? பஸ்ல பர்ஸ் அடிச்சவனை அடி பின்றோம், அரசாங்கத்தை ஏமாத்தினவனுக்கு "பணம் நிற்கும்"னா எவன் பயப்படுவான்? மாட்டினா இத்தோட நிக்கும், மாட்டலைன்னா லாபம். கணக்கு அவன் பக்கம்தான் கீது.

வக்கீல்_குமாஸ்தா

சட்டத்தில் என்ன தண்டனை என்று கேட்டிருந்தீர்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. வழக்கு எப்போது பதிவானது என்பதை வைத்து இது முடிவாகாது, குற்றம் நடந்த தேதிதான் கணக்கு.

ஏமாற்றிப் பணம் பெற்றது பழைய 420, புதிய 318(4). ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தது பழைய 468, புதிய 336(3). அதை உண்மையானது என்று காட்டியது பழைய 471, புதிய 340(2). பொறுப்பில் இருந்த அரசு ஊழியர் கையாடினால் பழைய 409, புதிய 316(5). அது ஆயுள் வரை போகும். அடுத்தவர் ஆதாரை வைத்து ஆள்மாறாட்டம் செய்தால் ஆதார் சட்டம் 34, மூன்றாண்டு வரை. நியாயவிலைக் கடை அரிசியைக் கடத்தினால் 1955-ம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் பிரிவு 7, குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் ஏழு ஆண்டு. வண்டியும் அரிசியும் பிரிவு 6-ஏ-யில் பறிமுதல். தொடர்ந்து செய்பவரை 1980-ம் ஆண்டுக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம்.

ஆக, சட்டத்தில் பல் இல்லை என்பது தவறு. ஒருவர் பணம் வாங்கினார் என்று காட்டுவது சுலபம். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் 420 நிற்கும். படிவத்தை நிரப்பியது இ-சேவை மையத்துக்காரர், படித்துக் காட்டாமலே கைநாட்டு வாங்கினார் என்று தற்காப்பு வந்தால் கதை அங்கேயே தடுமாறிவிடும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் பிரிவு 3, பெயர் சொல்லியே 420-ஐச் சேர்த்திருக்கிறது. முன் தண்டனை இல்லாதவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகும் நீதிமன்றம் கண்டித்து எச்சரித்து அனுப்பிவிடலாம். "உள்ளே போடு" என்று கத்துகிறவர்கள் ஒரு 2,000 ரூபாய் வழக்கு கடைசியில் எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளவும்.

அணைக்கட்டு_மல்லாட்டை

2020 பி.எம். கிசான் (விவசாயிக்கு ஒன்றிய அரசு தவணையா தர்ற உதவிப் பணம்) விவகாரத்தை எடுத்துக்கிட்டா எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடும். நம்ம மாநிலத்துல தகுதி இல்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர், சுமார் 110 கோடி ரூபாய். முதல்ல கள்ளக்குறிச்சியில வெடிச்சுது, அப்புறம் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைன்னு வட மாவட்டம் பூரா வந்துச்சு. கேஸ் சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு.

110 கோடியை ஐந்தரை லட்சத்தால வகுத்துப் பாருங்க. தலைக்கு 2,000 ரூபாய். ஒரு தவணை. அதுலயும் புரோக்கர் கமிஷன் போக மிச்சம். கூலிக்காரங்க, நிலமே இல்லாதவங்க. "கொரோனா பணம் வருது, ஆதாரும் பாஸ்புக்கும் குடு"ன்னு கேட்டதும் குடுத்தவங்க நிறைய பேர்.

எப்படி நடந்துச்சுன்னா, மொதல்ல பட்டா, சிட்டா பார்த்து வி.ஏ.ஓ. சரிபார்த்துத்தான் பேரு ஏறும். அப்புறம் விவசாயியே இணையத்துல பதிஞ்சுக்கலாம்னு கதவு திறந்துச்சு. அப்படி வந்த பேரை வட்டாரத்துல வேளாண் உதவி இயக்குநர் லாகின்ல ஒப்புதல் பண்ணணும். அந்தப் பாஸ்வேர்டு ஒப்பந்த ஊழியர் கையில இருந்துச்சு, அங்கிருந்து தனியார் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போச்சு. ஊரடங்கு நேரம், களத்துக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. சர்வே நம்பர் கட்டத்துல எதைப் போட்டாலும் ஏத்துக்கிச்சு. நிலப் பதிவேட்டோட அது ஒட்டவே இல்லை.

தண்டனை எங்க வேகமா விழுந்துச்சு? வாங்கினவன் கணக்குல. பேங்குல முடக்கி 2,000-ஐ திருப்பி எடுத்தாங்க. கணக்குல 2,000 இல்லாதவனுக்கு அடுத்து வந்த நூறு நாள் வேலைக் கூலியும் மாட்டிக்கிச்சு.

இப்ப அந்த ஓட்டையை அடைச்சிருக்காங்க. இ-கேஒய்சி (ஆதார் மூலமா ஆளைச் சரிபார்க்கிறது), ஆதாரோட சேர்ந்த வங்கிக் கணக்கு, நில இணைப்பு, விவசாயிக்குத் தனி அடையாள எண். ஜெயில்ல போட்டதால நின்னது கம்மி. இந்த நாலு பூட்டுதான் நிறுத்துச்சு.

காட்பாடி_ஜங்ஷன்

நிலமே இல்லாதவன் "விவசாயி"ன்னு பேர் குடுத்தது தப்பு இல்லையா அப்போ?

அணைக்கட்டு_மல்லாட்டை

தப்புதான் அண்ணா, யார் இல்லைன்னது. 2,000-ஐ திருப்பி எடுத்தது சரி. ஐந்தரை லட்சம் பேர் மேலயும் 420 போட்டா எத்தனை மாஜிஸ்திரேட் கோர்ட் வேணும்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

குடியாத்தம்_கைத்தறி

ஓ.ஏ.பி. பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. செத்தவர் பேரில் பணம் போவதுதான் எல்லாருக்கும் எரிச்சல். அதில் பாதி எப்படி நடக்கிறது என்றால், கிராம ஊராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவாளர் வி.ஏ.ஓ. ஊரில் இறந்தால் அவர் பதிவேட்டிலேயே ஏறும், பட்டியலில் இருந்து பெயரை நீக்கச் சொல்லி அவரே எழுதலாம். ஆனால் 1969-ம் ஆண்டுச் சட்டப்படி இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. கே.வி.குப்பம் பக்கத்துப் பாட்டி சி.எம்.சி.யிலோ அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ இறந்தால் பதிவு அங்கே. ஊர் வி.ஏ.ஓ. பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. இந்த மாவட்டத்தில் கடைசிக் காலத்தில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாத குடும்பம் எது?

குடும்பம் சொல்லாவிட்டால் மாதம் 1,200 ஏறிக்கொண்டே இருக்கும் (2023 ஆகஸ்டுக்கு முன் 1,000). ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கும், பின் நம்பர் பேரனுக்குத் தெரியும். பணம் ஏறியது தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தெரியாமல் நடந்த பிழை. அதை எடுத்தது குற்றம். எடுத்தவர்தான் பதில் சொல்லவேண்டும். பாட்டியின் மற்ற பிள்ளைகளை இழுக்க முடியாது. ஊரில் பேசும்போது மொத்தக் குடும்பத்தையும் "திருட்டுக் குடும்பம்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

எல்லையோரத்துக்கு இன்னொரு தொல்லை. 2024 ஜூலையில் இருந்து ஆந்திராவில் முதியோர் ஓய்வூதியம் 4,000. இங்கே 1,200. பரதராமியில் இருந்து ஒரு பஸ் பிடித்தால் சித்தூர். ஆசை எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கே குடியிருந்துகொண்டு அங்கே உறவினர் முகவரியைக் காட்டினால் அது சொல்ல மறந்த கதை இல்லை, திட்டமிட்ட பொய். அதற்கு இரக்கம் காட்ட நான் ஆள் இல்லை.

சத்துவாச்சாரி_மேடு

உரிமைத்தொகைக்கு வருவோம். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது சுமார் 1.63 கோடி விண்ணப்பம், அதில் சுமார் 1.06 கோடி ஏற்பு. தள்ளுபடியானவர்கள் எல்லாரும் ஏமாற்ற வந்தவர்கள் என்று நினைத்தால் தப்பு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், சொந்தமாக நான்கு சக்கர வாகனம் கூடாது என்பவை முக்கிய நிபந்தனைகள்.

இதில் மின்சாரத்தை மட்டும் பாருங்கள். பழைய வேலூரில், சைதாப்பேட்டை, கஸ்பா பக்கம், ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்பது மூன்று குடித்தனத்துக்குச் சர்வசாதாரணம். கம்ப்யூட்டருக்கு மீட்டர்தான் தெரியும், குடித்தனம் தெரியாது. அதேபோல, எப்போதோ விற்ற பழைய மாருதி இன்னும் பெயர் மாற்றாமல் ஆர்.டி.ஓ. பதிவில் அப்பா பெயரில் நிற்கும்.

இப்படி வெளியே போனவர்களுக்கு வழி உண்டு. குறுஞ்செய்தி வந்து 30 நாளுக்குள் இ-சேவை மூலம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு என்றுதான் விதி வைத்தார்கள். மீட்டர் விஷயத்தில் வாடகை ஒப்பந்தம், தனித்தனி குடும்ப அட்டை நகல், வீட்டு உரிமையாளர் கடிதம் மூன்றையும் வைத்தால் நல்லது. வண்டி விஷயத்தில் விற்பனை ரசீது மட்டும் போதாது, பதிவில் பெயர் மாறியிருக்கவேண்டும்.

கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்ததையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். "ரோபோடெட்" என்று பெயர் பெற்ற ஏற்பாடு. வருமான வரித் துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இரண்டு வாரங்களாகச் சமமாகப் பிரித்து, "நீ இந்த வாரம் இவ்வளவு சம்பாதித்தாய், வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டு" என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் கடன் கடிதம் அனுப்பினார்கள். நாலு மாதம் வேலை, எட்டு மாதம் சும்மா என்று இருந்தவருக்கு இந்தக் கணக்கு அடியோடு பொய். தவறில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் வாங்கியவர் தலையில் கட்டினார்கள். அது சட்டவிரோதம் என்று ஆகி, பணத்தைத் திருப்பித் தந்து, 2023-ல் ராயல் கமிஷன் அறிக்கையும் வந்தது. நம் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கூலியும் பீடி சுற்றும் கூலியும் சீசனுக்குச் சீசன் மாறும். இங்கே அந்தச் சராசரிக் கணக்கை யாராவது கொண்டுவந்தால் என்ன ஆகும்?

காட்பாடி_ஜங்ஷன்

சரி, ஜெயில் வேணாம். ஏரி தூர் வாரட்டும், ஆஸ்பத்திரி கழுவட்டும். புதுச் சட்டத்துல சமூக சேவை தண்டனை வந்துச்சுன்னாங்களே?

வக்கீல்_குமாஸ்தா

வந்தது. ஆனால் ஒரு சில குற்றங்களுக்கு மட்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறையாகத் திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர், அவதூறு வழக்கில் சிக்கியவர், இந்த மாதிரி. ஏமாற்றுதல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்கள் பர்ஸ் திருடனுக்கு ஏரி வேலை கிடைக்கலாம், 2,000 ரூபாய் கிசான் பணம் வாங்கியவருக்குக் கிடைக்காது. இது ஒரு கோணல்தான்.

பிரிட்டனில் நடுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். வழக்குப் போடும் அளவுக்கு ஆதாரம் இருந்தும், கோர்ட்டுக்குப் போகாமல் நிர்வாக அபராதம் வாங்கலாம். கூடுதலாக வாங்கிய தொகையில் பாதி, குறைந்தது 350 பவுண்டு, அதிகபட்சம் 5,000 பவுண்டு. வாங்கிய பணத்தையும் தனியாகத் திருப்பவேண்டும். கவனக்குறைவால் தப்பான தகவல் தந்தால் 50 பவுண்டு. நம் திட்டங்களில் இந்த நடுப்படி கிடையாது. ஒன்று பணத்தை நிறுத்தி, வாங்கியதைத் திருப்பிக் கேட்பது, இல்லையென்றால் கிரிமினல் வழக்கு. நடுவில் வெற்றிடம்.

கோட்டை_அகழி

வெற்றிடம் மட்டுமில்லை, சில சட்டங்களில் தண்டனையே சிரிப்புக்கிடம். 2005-ம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம் பிரிவு 25 பாருங்கள். சட்டத்தை மீறினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம் என்றுதான் அதில் இருந்தது. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு அறிவித்த கூலி நாளுக்கு 336. மூன்று நாள் கூலி!

அங்கே மோசடி எப்படி? வராதவருக்கு வருகை போடுவது, கூலி அவர் கணக்கில் ஏறியதும் பாதியை வாங்கிக்கொள்வது. இதைத் தடுக்க செல்போன் செயலியில் காலை ஒன்று, மதியம் ஒன்று படம் எடுக்கச் சொன்னார்கள். பழைய படத்தையே படம் எடுத்து ஏற்றினார்கள். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே இந்தத் தில்லுமுல்லைச் சுட்டிக்காட்டிச் சுற்றறிக்கை விட்டது. ஊரில் திட்டு வாங்குவதோ மரத்தடியில் உட்கார்ந்த கிழவி. மஸ்டர் ரோலை (வருகைப் பட்டியலை) திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

ஆற்காடு_மக்கன்பேடா

ரேஷன் கடைப் பக்கமும் அதே கதைதான். வாங்காத பொருளுக்குப் பில் போட்டா உங்க போனுக்கு மெசேஜ் வரும். அதைப் படிக்கிறவங்க கம்மி. படிச்சாலும் "போனா போவுது, பாமாயில்தானே"ன்னு விடறாங்க. 1967-ங்கிற புகார் நம்பருக்கு ஒரு போன் பண்ணா அட்டை எண்ணும் தேதியும் கேட்பாங்க, அவ்ளோதான் வேலை. ஆய்வுல இருப்பு குறைஞ்சா விற்பனையாளர் அபராதம் கட்டிட்டு மறுநாள் கடை திறக்கிறார். அரிசியைக் கிலோ சில்லறைக்கு வீடு வீடா வாங்கி, பாலிஷ் போட்டு, ரயில்லயும் டெம்போவுலயும் எல்லை தாண்டுறாங்க பாருங்க, அங்கதான் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தோட பிரிவு 7 வரணும். மூணு கிலோ வித்த பொம்பளை மேல இல்லை.

வசதி இருக்கிறவங்க அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாவோ பொருளில்லா அட்டையாவோ மாத்திக்கலாம். வழங்கல் துறை இணையதளத்துலயே பண்ணலாம்.

பாலாற்றுமணல்

நல்ல விவரம், எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. தப்பா வாங்கினதைத் திருப்பிக் கட்ட நினைக்கிறவங்க என்ன பண்ணணும்? பக்கத்து வீட்ல மோசடின்னு தெரிஞ்சா எப்படிப் புகார் குடுக்கணும்?

குடியாத்தம்_கைத்தறி

புகாருக்கு முதலில். மொட்டைக் கடிதம் வேண்டாம், குப்பைக்குத்தான் போகும். இந்த ஊரில் பாதி மொட்டைக் கடிதம் வேலித் தகராறில் பிறப்பது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள், எண் கிடைக்கும். போக முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்யலாம். ஊழியர் லஞ்சம் என்றால் 1064-க்கு.

மனுவில் திட்டத்தின் பெயர், பயனாளி பெயர், ஊர், எந்த நிபந்தனை மீறப்பட்டது, அதற்கு எது ஆதாரம், இவ்வளவு போதும். "ஊரே கொள்ளையடிக்குது" என்று எழுதினால் யாரும் எதையும் தேட முடியாது. நூறு நாள் வேலை வருகைப் பட்டியலும் கிசான் பயனாளிகள் பட்டியலும் ஊர்வாரியாக இணையத்திலேயே உண்டு. பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்தவர் வங்கிக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று பிரிவு 8(1)(ஜே)-யைக் காட்டி மறுப்பார்கள்.

வக்கீல்_குமாஸ்தா

திருப்பிக் கட்டுவது பற்றி. கிசான் பணத்துக்கு அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே தானாக விலகவும் பணம் திருப்பவும் தனித்தனி வழி இருக்கிறது. இரண்டையும் செய்யவேண்டும். பணத்தை மட்டும் கட்டிவிட்டு விலகாமல் விட்டால் அடுத்த தவணை மறுபடி ஏறும், மறுபடி சிக்கல்.

ஓ.ஏ.பி. என்றால், இறந்தவர் விஷயத்தில் இறப்புச் சான்று நகலோடு இரண்டு கடிதம். ஒன்று வங்கிக்கு, இறந்த தேதிக்குப் பிறகு ஏறிய தொகையை அரசுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி. இன்னொன்று சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு. இரண்டிலும் தேதியோடு பெறுதல் முத்திரை வாங்குங்கள். ஏற்கெனவே எடுத்துச் செலவழித்திருந்தால், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எவ்வளவு என்று அந்த அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கணக்குத் தலைப்பு போட்ட சலான் வாங்கி அரசுக் கணக்கில் கட்டுங்கள். ரொக்கமாக யார் கையிலும் கொடுக்கவேண்டாம், "நான் கட்டிடறேன்" என்பவர் யாராக இருந்தாலும் சரி. அந்தப் பணம் அரசுக்குப் போய்ச் சேராவிட்டால் பாக்கி உங்கள் பேரில்தான் நிற்கும்.

அறிவிப்பு வந்துவிட்டால் பயந்துபோய் முழுத்தொகையையும் அன்றே கட்ட ஓடவேண்டாம். அதில் கொடுத்திருக்கும் நாளுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுங்கள். தகுதி எந்தத் தேதியில் போனதோ அதற்கு முன் வாங்கியது உங்களுக்கு உரியது. கார் போன வருடம் வாங்கியது என்றால் அதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்துக் கேட்க முடியாது, வண்டிப் பதிவுச் சான்றின் நகலை இணையுங்கள். ஒரே மூச்சில் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டு அதே கடிதத்தில் எழுதலாம். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

சலான் விஷயம் தெரியாது சார், நல்லது. ஆனாலும் பாஸ்வேர்டு குடுத்த ஆபீசருக்கு 17-பி, பரதராமி ஆளுக்கு 420ன்னா நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேரையும் ஒரே கோர்ட்ல நிக்க வைங்க.

கோட்டை_அகழி

அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 17-பி நடக்கும்போதே கையாடல் வழக்கும் போடலாம் (2020 விவகாரத்துக்குப் பழைய 409, 2024 ஜூலைக்குப் பிந்தையதற்கு 316(5)), ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த மனுவில் அதையே கேளுங்கள், பிரிவு எண்ணோடு.